பனி இறங்கும் முன்பே...

 

 

இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அது ஓய்ந்து வானம் தெளிந்ததும் நம் நீலகிரியில் முதலில் நீர்ப்பனி இறங்கும். பின்னாலேயே உறைபனி வரும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் காலையில் புல்வெளி வெள்ளைவெளேர் என்று கிடக்கும். சுற்றுலா வந்தவர்கள் அதைப் படம் எடுத்து அனுப்பி மகிழ்வார்கள். அதே இரவை ஓட்டை விழுந்த தகர ஷீட்டுக்குக் கீழே கைக்குழந்தையோடு கழித்த தாய்க்கு அது படம் எடுக்கும் காட்சி அல்ல. எப்போது விடியும் என்ற கேள்வி மட்டும்தான் அவளுக்கு.

குளிர் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை எதிர்கொள்ளும் வீடுதான் வேறு வேறு. கையில் காசு இறுக்கமாக இருக்கும் வீடு பனிக்காலத்துக்கு எப்படித் தயாராவது, அந்த வீட்டுக்கு மற்றவர்கள் எப்போது உதவுவது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். "எவ்வளவு" என்பதைவிட "எப்போது" என்பதற்கு அழுத்தம் கொடுத்துப் படியுங்கள்.

உமர் (ரலி) எழுதிய கடிதம்

ஸுலைம் இப்னு ஆமிர் (ரஹ்) அறிவிக்கும் செய்தி ஒன்றை இமாம் இப்னு ரஜப் (ரஹ்) தமது லதாயிஃபுல் மஆரிஃபில் பதிவு செய்திருக்கிறார்கள். குளிர்காலம் நெருங்கும்போது அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் மக்களுக்குக் கடிதம் எழுதுவார்களாம். குளிர் வந்துவிட்டது, அது ஓர் எதிரி. கம்பளி, காலுறை, தோல் காலணி ஆகியவற்றோடு அதற்குத் தயாராகுங்கள். உடலை ஒட்டிய உடையாகவும் கம்பளியை அணியுங்கள், அதற்கு மேலும் அணியுங்கள் என்பது அதன் கருத்து. குளிர் உள்ளே நுழைவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளாது, வெளியேறத்தான் நாளாகும் என்றும் எச்சரித்திருக்கிறார்கள்.

இந்தக் கடிதம் முக்கியமாக ஷாம் பகுதிக்குப் போனது. ஷாம் அப்போதுதான் இஸ்லாமிய ஆட்சிக்குள் வந்திருந்தது. ஹிஜாஸின் வெயிலில் வளர்ந்த ஸஹாபாக்கள் அங்கே போயிருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் குளிர் பழக்கமில்லை. ஒரு பேரரசின் தலைவர், தம் மக்கள் காலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று கவலைப்படுகிறார்; அந்தக் கவலையைப் பனி கொட்டிய பிறகு அல்ல, பனி வருவதற்கு முன்பே எழுத்தில் அனுப்புகிறார்.

"எல்லாம் அல்லாஹ் பார்த்துக்கொள்வான் ஹள்ரத்" என்று சிலர் சொல்வார்கள். பார்த்துக்கொள்பவன் அவன்தான். அவனே அந்நஹ்ல் சூராவின் 5ஆம் வசனத்தில், கால்நடைகளில் உங்களுக்குக் கதகதப்பு இருக்கிறது என்பதைத் தன் அருட்கொடைகளில் ஒன்றாக எண்ணிக் காட்டுகிறான். 'திஃப்உ' என்பது அங்கே வரும் சொல். அதே சூராவின் 80, 81ஆம் வசனங்களில் வீடு, தோல் கூடாரம், ஆட்டு ரோமம், ஒட்டக ரோமம், ஆடை என்று வரிசையாகச் சொல்கிறான். 81ல் வெப்பத்திலிருந்து காக்கும் ஆடை என்று மட்டும் வருகிறதே, குளிர் எங்கே என்று ஓதும் பிள்ளைகள் கேட்பார்கள். அது முன்பே 5ஆம் வசனத்தில் வந்துவிட்டது என்று முஃபஸ்ஸிரீன்கள் பதில் தருகிறார்கள். ஆக, கம்பளியும் கூரையும் தவக்குலுக்கு எதிரானவை அல்ல. அவை அல்லாஹ் எண்ணிக் காட்டிய நிஃமத்துகள்.

ஓர் எதிரியை விரட்ட இன்னோர் எதிரி

உமர் (ரலி) குளிரை 'அதுவ்வு' என்றார்கள், எதிரி. இதே சொல்லை நபி (ஸல்) அவர்கள் நெருப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மதீனாவில் ஒரு வீடு இரவில் வீட்டாரோடு தீப்பற்றி எரிந்தது. அந்தச் செய்தி எட்டியபோது, இந்த நெருப்பு உங்களுக்கு எதிரி, தூங்கும்போது அதை அணைத்துவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை அபூ மூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். தூங்கும் நேரத்தில் வீட்டில் நெருப்பை விட்டுவைக்காதீர்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பும் இருக்கிறது. இரண்டும் புகாரியில் உள்ளவை.

நம் மலையில் ஏழை வீடுகள் என்ன செய்கின்றன? முதல் எதிரியை விரட்ட இரண்டாவது எதிரியை அழைத்து, படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார வைக்கின்றன.

என் கதையையே சொல்கிறேன். நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். பட்டம் வாங்கி, சமவெளியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தபோது என்னிடம் ஒரு ஜமக்காளமும் ஒரு சால்வையும்தான் இருந்தன. முதல் மார்கழியில், பள்ளிவாசலை ஒட்டிய என் அறையில் கரி அடுப்பை மூட்டினேன். கரி நன்றாகச் சிவந்து புகை அடங்கியதும், இனி ஆபத்தில்லை என்று கதவைச் சாத்தினேன். காற்று வரும் சந்தில் துணியையும் திணித்தேன். தஹஜ்ஜுதுக்கு எழ நினைத்தேன். எழ முடியவில்லை. தலை பிளக்கிறது, குமட்டுகிறது, கால் என் பேச்சைக் கேட்கவில்லை. பாங்குக்கு வந்த மோதினார் அறையைத் தட்டினார். பதில் வராமல் கதவைத் தள்ளித் திறந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். அந்தக் குளிர்ந்த காற்றுதான் என்னைக் காப்பாற்றியது. எந்தக் காற்றுக்குப் பயந்து சந்தை அடைத்தேனோ, அதே காற்று! மோதினார் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. மதரஸாவில் அந்த ஹதீஸைப் பாடமாகவே ஓதியவன் நான்.

புகை இல்லாவிட்டால் ஆபத்தில்லை என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது. கனன்று கொண்டிருக்கும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. இரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். தூங்குகிறவருக்கு இவை எதுவும் தெரியாது. தூக்கம் அப்படியே நீண்டுவிடும். கொடைக்கானலிலும் நம் மாவட்டத்திலும் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்திகளை நாளிதழில் படித்திருக்கிறோம். விறகுத் தணலும் இதே வேலையைச் செய்யும். ஜன்னல் இல்லாத குளியலறையில் வைத்த கேஸ் கீஸரும் செய்யும்.

எனவே கணப்பு மூட்டினால், விழித்திருக்கும் நேரத்தில் கதவோ ஜன்னலோ திறந்த நிலையில் மட்டும். படுக்கும் முன் தணலை வெளியே கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுங்கள். சாம்பல் மூடிய தணலும் தணல்தான். ஒரே அறையில் இருக்கும் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அதை ஜலதோஷம் என்று நினைக்காதீர்கள். எல்லோரையும் வெளியே கொண்டு வந்துவிட்டு 108க்கு அழையுங்கள்.

நெருப்பு இல்லாமல் எப்படி?

இந்தக் கேள்வி நியாயமானது. அத்தலாக் சூராவின் 7ஆம் வசனம், வசதி உள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வாழ்வாதாரம் நெருக்கப்பட்டவர் அல்லாஹ் தமக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவிடட்டும் என்கிறது. கொடுத்ததற்கு மேல் அல்லாஹ் யாரையும் சிரமப்படுத்துவதில்லை என்கிறது. அப்படியானால் இருக்கிற காசை எங்கே முதலில் போடுவது என்பதே கேள்வி.

முதலில் உடம்புக்கு, பிறகு சந்துகளுக்கு, கடைசியில்தான் அறையைச் சூடாக்குவதற்கு. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. ஹீட்டர் வாங்கிவிட்டு, குழந்தை வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நடக்கும். 2000 வாட் ஹீட்டர் தினம் 5 மணி நேரம் ஓடினால் 10 யூனிட். மின்கட்டணம் கணக்கிடும் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் பத்தே நாளில் தீர்ந்துவிடும். அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது?

உடம்பு என்றால் தலை, கால், படுக்கை. கனமான ஒரே ஸ்வெட்டரைவிட, ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு மெல்லிய உடைகள் அதிகக் கதகதப்பைத் தரும். இடையில் தங்கும் காற்றுதான் போர்வை. உள்ளேயும் மேலேயும் என்று உமர் (ரலி) சொன்னதில் இந்த விஷயம் இருக்கிறது. படுக்கையில் எல்லோரும் மேலே போர்த்துவதற்குத்தான் தேடுகிறார்கள். சூட்டை உறிஞ்சுவதோ கீழே இருக்கும் தரை. பாய்க்குக் கீழே காய்ந்த சாக்கு, அட்டைப் பெட்டியைப் பிரித்த அட்டை, பழைய ஜமக்காளம் என்று கிடைத்ததை இரண்டு மூன்று அடுக்காக விரியுங்கள். காலையில் தூக்கிக் காய வையுங்கள். இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும். பெரியவர்களுக்குச் சுடுதண்ணீரை நல்ல மூடியுள்ள ஸ்டீல் பாட்டிலில் ஊற்றி, துண்டில் சுற்றிக் காலடியில் வைக்கலாம். குளிர்பான பாட்டில் வேண்டாம், அது சூட்டில் நெளிந்துவிடும். கைக்குழந்தைக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர் பாட்டிலே வேண்டாம்.

அடுத்தது சந்து. கதவுக்குக் கீழே உள்ள இடைவெளிக்குப் பழைய பேண்ட்டின் ஒரு காலை வெட்டி, மணலோ கந்தலோ திணித்து, இரு முனையும் தைத்துப் போட்டால் போதும். அறையில் எந்த நெருப்பும் இல்லாதபோதுதான் இதெல்லாம் என்பதை மறக்க வேண்டாம். மேலே ஒரு காற்றுத் துவாரம் எப்போதும் திறந்திருக்கட்டும்.

கூரையை மழைக்கு முன் பாருங்கள். தகர ஷீட்டில் ஒழுகுவது பெரும்பாலும் ஷீட் அல்ல, ஆணி அடித்த இடம். அங்கே உள்ள வாஷர் வெடித்திருக்கும். வாஷரை மாற்றி, மேலே தார் பூசுவது சில்லறைச் செலவு. அதையே டிசம்பரில் செய்தால் ஷீட், கட்டை, கூலி என்று ஆயிரக்கணக்கில் போய்விடும். ஒழுகாத வீட்டில்கூட அதிகாலையில் ஷீட்டின் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். அதற்கு ஷீட்டுக்குக் கொஞ்சம் கீழே, இடைவெளி விட்டு, ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இழுத்துக் கட்டுங்கள். (உருவப்படம் உள்ள பக்கம் மேலே பார்த்து இருக்கட்டும். தொழுகிற வீடு.) சரிவில் வீடு உள்ளவர்கள் பின்பக்க வாய்க்காலையும் இப்போதே தூர் வாருங்கள். 2009 நவம்பரில் இந்த மலை சரிந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விறகு எரிப்பவர்கள் இந்த வெயிலிலேயே அதைக் காய வைத்து உள்ளே அடுக்கிக்கொள்ளுங்கள்.

ஒளூவுக்குச் சுடுதண்ணீர் பயன்படுத்தினால் நன்மை குறையுமோ என்று ஒரு பெரியவர் கேட்டார். சிரமமான நேரத்திலும் ஒளூவை நிறைவாகச் செய்வது பாவங்களை அழிக்கும் என்று முஸ்லிமில் உள்ள ஹதீஸ், சிரமம் தானாக வந்தால் தாங்கிக்கொள்ளச் சொல்கிறது. சிரமத்தைத் தேடிப் போகச் சொல்லவில்லை. உமர் (ரலி) அவர்களுக்கே தண்ணீர் சூடாக்கப்பட்டதாக தாரகுத்னீயில் அறிவிப்பு இருக்கிறது. 1500 வாட் ராடு 20 நிமிடம் போட்டால் அரை யூனிட்தான். ஆனால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். சுட வைக்க வழியே இல்லை, பச்சைத் தண்ணீர் நோயைக் கொண்டுவரும் என்ற பயம் உறுதியானது என்றால் தயம்மும் இருக்கிறது. தாத்துஸ் ஸலாஸில் போரின் கடுங்குளிர் இரவில் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அப்படிச் செய்ததும், நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்காததும் அபூதாவூதில் உள்ளன. குளிருக்காகத் தயம்மும் செய்து தொழுததை ஷாஃபிஈ மத்ஹபினர் பிறகு மீட்டித் தொழ வேண்டும். ஹனஃபீயில் மீட்ட வேண்டியதில்லை.

முன்கூட்டியே என்றால் காசு?

இதுவரை படித்துவிட்டு ஒரு சகோதரி மனதுக்குள் கேட்டிருப்பார்: "எல்லாம் சரி ஹள்ரத், வாஷர் வாங்குகிற காசும் டிசம்பரில்தானே கைக்கு வருகிறது?"

இதுதான் உண்மையான சிக்கல். முன்கூட்டியே செய்தால் செலவு குறைவு என்பது ஏழைக்கும் தெரியும். முன்கூட்டியே காசு இல்லாததற்குப் பெயர்தான் ஏழ்மை. பசுந்தேயிலை விலை இறங்கினால், எஸ்டேட்டில் வேலை நாள் குறைந்தால், முதலில் தள்ளிப்போவது கூரை. பிறகு ஒரு ராத்திரி ஒழுகும், குழந்தைக்கு நெஞ்சு சளி கட்டும், மறுநாளே வாரத் தவணைக் கடன். வட்டி ஹராம் என்று மிம்பரில் நின்று சொல்லிவிட்டு இறங்கிப் போவது எங்களுக்கு எளிது. அந்த வீட்டுக் கதவை வாரா வாரம் தட்டுகிறவனை நாங்கள் பார்ப்பதில்லை. வட்டி வாங்கியவரை மட்டும் கண்டித்துவிட்டு, வட்டியில்லாத கடன் கிடைக்க வழி வைக்காத ஜமாஅத்தும் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றே நான் அஞ்சுகிறேன். நம் பைத்துல் மாலில் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் உதவி உண்டு. கூரைக்கு ஒரு சிறு கர்ளன் ஹஸனா ஏன் இருக்கக்கூடாது?

ஜகாத்துக்கு வருவோம். நம்மில் அதிகம் பேர் ரமளானில்தான் ஜகாத் கணக்குப் பார்க்கிறோம். அடுத்த ரமளான், பிறையைப் பொறுத்து, 2027 பிப்ரவரி இரண்டாவது வாரத்தில். உறைபனியின் உச்சம் டிசம்பரும் ஜனவரியும். அதாவது குளிர் முடியும் நேரத்தில் போர்வைக் காசு போய்ச் சேரும்! அந்தக் காசு, இரண்டு மாதம் வட்டிக் கடனில் உட்கார்ந்துவிட்ட வீட்டில் தவணைக்குத்தான் போகும்.

மார்க்கம் இதற்கு வழி வைத்திருக்கிறது. அப்பாஸ் (ரலி) அவர்கள் தமது ஜகாத்தைக் கடமையாகும் நாளுக்கு முன்பே கொடுத்துவிடலாமா என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள் என்று அலீ (ரலி) அறிவிப்பது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. ஃபிக்ஹில் இதற்குத் 'தஃஜீல்' என்று பெயர். நிஸாப் அளவு செல்வம் கையில் உள்ளவர் ஆண்டு நிறையும் முன்பே கொடுக்க ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் இடமுண்டு. கொடுக்கும்போது ஜகாத் என்ற நிய்யத் வேண்டும். ரமளானில் முழுக் கணக்கைப் பாருங்கள். கொடுத்தது குறைவாக இருந்தால் மீதியைக் கொடுத்துவிடுங்கள். ரமளானின் நன்மை போய்விடுமே என்று தயங்குகிறவர்கள் பாதியை இப்போது கொடுங்கள், பாதியை அப்போது கொடுங்கள். ஷாஃபிஈ மத்ஹபினர் ஜகாத்தைப் பணமாகவே கொடுங்கள். போர்வை, ஸ்வெட்டர் வாங்கித் தருவது ஸதகாவாக இருக்கட்டும்.

லயன் வீடுகளில் நம் பக்கத்துச் சுவருக்கு அப்பால் இருப்பவர் பெரும்பாலும் வேறு மதத்தவர். ஜகாத்துக்குத்தான் வரம்பு உண்டு, ஸதகாவுக்கு இல்லை. ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) திரும்பத் திரும்பக் கேட்டதைத் திர்மிதீயில் பார்க்கிறோம். ஒழுகும் கூரை எந்தச் சுவருக்கு அப்பால் இருந்தாலும் அது நம் அண்டை வீடுதான்.

இன்னொன்று, சொல்லாமல் இருக்க முடியவில்லை. போன ஆண்டு பள்ளிவாசலில் வைத்த துணிப் பெட்டியில் ஜிப் இல்லாத ஜெர்கின்கள், எலி கடித்த சால்வை, ஒற்றைக் காலுறைகள் வந்தன. இன்னொரு கால் எங்கே என்று கேட்கவும் ஆளில்லை. கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்கிற மட்டமான பொருளை தர்மத்துக்குத் தேடாதீர்கள் என்று அல்பகரா 267ல் அல்லாஹ் எச்சரிக்கிறான். ஸஃப்வான் இப்னு ஸுலைம் (ரஹ்) மதீனாவில் ஒரு குளிர் இரவில் பள்ளியிலிருந்து வெளியே வந்தார்கள். உடையில்லாமல் நின்ற ஒருவரைக் கண்டு, தாம் உடுத்தியிருந்த ஆடையையே கழற்றி அவருக்கு அணிவித்தார்கள். அந்த ஒரு சட்டைக்காக அவர்கள் சொர்க்கம் புகுந்ததாக ஷாமைச் சேர்ந்த ஒருவர் கனவு கண்டார் என்று இப்னு ரஜப் (ரஹ்) எழுதுகிறார்கள். அவர்கள் கொடுத்தது உடம்பிலிருந்த சட்டை. பெட்டியில் மிஞ்சியது அல்ல.

யா அல்லாஹ்! இந்தப் பனிக்காலத்தில் எந்தக் குழந்தையும் குளிரில் நடுங்காமலும், எந்த வீடும் நெருப்பால் சோதிக்கப்படாமலும் காப்பாயாக! ஆமீன்.

நம் மஹல்லாவாசிகளுக்கு: இந்த வெள்ளி ஜும்ஆவிலிருந்து மோதினாரிடம் ஒரு நோட்டு இருக்கும். கூரை பழுது, போர்வை தேவை, இரவில் கரி அடுப்பு பயன்படுத்தும் வீடு என்று மூன்று பத்திகள் போட்டிருக்கிறோம். பெயர் எழுதக் கூச்சப்படுபவர்கள் சுப்ஹுக்குப் பிறகு என்னிடம் தனியாகச் சொல்லலாம், நோட்டில் ஏறாது. பெண்கள் என் வீட்டில் சொல்லி அனுப்பலாம். தஃஜீலாக ஜகாத் கொடுக்க விரும்புபவர்கள் இந்த மாத இறுதிக்குள் பைத்துல் மால் பொறுப்பாளரிடம் சேர்த்துவிடுங்கள். வாஷரும் தாரும் மழைக்கு முன் வாங்கியாக வேண்டும். வேறு ஊர்களிலிருந்து படிப்பவர்கள் தங்கள் பள்ளியில் இப்படி ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். மூன்றாவது பத்தியில் பெயர் இருக்கும் வீடுகளுக்கு நானும் மோதினாரும் நேரில் வருவோம், இரவு இஷாவுக்குப் பிறகு, அடுப்பு மூட்டும் நேரத்தில்.